மாற்றுப் பிரைமர்

என் தம்பி பொண்டாட்டி கோலீன் என் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆளே இல்லை. பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்குள் நுழைந்து, காபி மிச்சமிருக்கிறதா என்று கெட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பாள். நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்ற விசாரணையெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த அக்டோபர் சனிக்கிழமை மத்தியானம் அவள் முன்வாசலில் நின்று தட்டினாள். திறந்து பார்த்தால் ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு, தூங்காத கண், இறுகிய வாய். ஏதோ முடிவு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

“என் ரைஃபிளைக் கொடுங்க, அண்ணி,” என்றாள். “அடுத்த வாரம் எல்க் மான் வேட்டை சீசன் தொடங்குது. மலைக்குப் போறேன்.”

“உள்ள வா முதல்ல. வாசல்ல நின்னு துப்பாக்கி கேக்கற, ஏதோ பேங்க்ல கொள்ளையடிக்கப் போறவ மாதிரி.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

சமையலறை மேஜையில் வெண்டல் உட்கார்ந்து என் தோட்டத்து ருபார்ப் தண்டைப் போட்டு நான் செய்த கேக்கில் இரண்டாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தான். எங்கள் ஊரில் இருக்கும் ஒரே ஹார்டுவேர் கடை அவனுடையது. ஆணி, கயிறு, கோழித் தீவனம், தோட்டா போடத் தேவையான சாமான் எல்லாம் அவனிடம்தான் வாங்க வேண்டும். அவன், நான், என் தம்பி ஆர்லன் மூன்று பேரும் சின்ன வயதிலிருந்தே சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, திரும்ப வெடிமருந்து போட்டு, நாங்களே தோட்டா செய்து வேட்டைக்குப் போகிறவர்கள். மொன்டானாவில் எங்கள் பக்கத்தில் ரொட்டி சுடத் தெரிந்தவர்களைவிட இந்த வேலை தெரிந்தவர்கள்தான் அதிகம்.

ஆர்லன் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தான். மண் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட மெஷின் கொண்டுவர வேண்டியிருந்தது. மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற வியாதி. முதலில் பேர்கள் போயின, அப்புறம் வழிகள், கடைசியில் என் முகமும் போயிற்று. டாக்டர் முதல் நாளே சொன்னது, வீட்டில் இருக்கிற துப்பாக்கிகளை எடுத்துவிடுங்கள் என்றுதான். சொல்வது சுலபம். எங்கள் பக்கத்தில் ஒருவன் உயிரோடிருக்கும்போது அவன் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போவதென்றால், ஊர் நடுவில் நிறுத்தி அவன் கால்சட்டையைக் கழற்றுவதற்குச் சமம். கோலீன்தான் அதைச் செய்தாள். ஆர்லன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குப் போன் செய்தாள். நானும் அவளுமாக எல்லாவற்றையும் கம்பளியில் சுற்றி என் பிக்கப் வண்டியில் ஏற்றினோம். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால், அவன் விழித்துக்கொண்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காராஜில் இருந்த அவன் வேலை மேஜையை மட்டும் மருந்து, தராசு சகிதம் விட்டுவைத்தோம். கூடுகளைத் துடைத்து, அளவு பார்த்து, வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றால் சாயங்காலம் வரை கத்தல் இருக்காது, அலைச்சல் இருக்காது. துப்பாக்கியே இல்லாத வீட்டில் அந்த மேஜை யாரை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தோம்.

“சீசனுக்குப் போறது சரி,” என்றான் வெண்டல், வாயில் கேக்கோடு. “சுடறதுக்குத் தோட்டா வேணுமே, தாயே. என் கடை அலமாரியில எலி ஓடுது. பிரைமர் வந்து எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? ஒரு டப்பா வருதுன்னு கேள்விப்பட்டாலே விடியறதுக்கு முன்னாடி வந்து வாசல்ல நிக்கறானுங்க. பாதிரியார் முதக்கொண்டு.”

“தோட்டா எங்கிட்ட இருக்கு.”

கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தோல் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்பது தோட்டாக்கள், ஒவ்வொன்றும் அதனதன் வளையத்தில். அந்தப் பட்டையை எனக்குத் தெரியும். ஆர்லன் கல்யாணமான புதிதில் அவளுக்காகத் தைத்தது.

“இது எங்க இருந்துச்சு?”

“இந்தக் கோட்டுலதான். இன்னிக்கு அலமாரியிலேர்ந்து எடுத்து மாட்டினப்ப நெஞ்சுல இடிச்சுது. துப்பாக்கியை எடுத்த அன்னிக்கு இதை அலமாரியில மாட்டினப்ப பட்டை காலி. அதுக்கப்புறம் நான் மலைக்குப் போகல. அவரை விட்டுட்டு எங்க போறது? கோட்டைத் தொடவே இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “நாம துப்பாக்கியை எல்லாம் எடுத்துட்டுப் போன பிற்பாடு பண்ணி வச்சிருக்கார், அண்ணி. எனக்காக.”

நான் ஒன்றை உருவி, தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன்.

தோட்டாவின் அடியில் நட்டநடுவில் பொட்டு மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும். அதுதான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால் பொறி கிளம்பும், பொறி மருந்தைப் பற்றவைக்கும், மருந்து குண்டைத் தள்ளும். ஆர்லன் வாழ்நாள் பூராவும் ஒரே வகைப் பிரைமர்தான் போட்டான். மஞ்சள் பித்தளை நிறம். இதில் இருந்தது வெள்ளி நிறம். குளிரில் மக்கர் பண்ணுகிற முரட்டு மருந்துக்காகச் செய்த, பொறி அதிகமான சாதி.

வெண்டலும் எட்டிப் பார்த்தான். முள்கரண்டி தட்டில் விழுந்தது.

“அட, இது எங்கிட்ட வாங்கினது. மஞ்சள் கிடைக்காம எல்லாரும் முழிச்சிட்டிருந்தப்ப, அரை ஆட்டைக் கொடுத்துட்டு வாங்கிட்டுப் போனான். இருக்கட்டும்னு வாங்கினான், போடவே மாட்டேன்னுதான் சொன்னான்.”

ஆர்லன் அப்படித்தான். சந்தையில் பிரைமர் கிடைக்காத அந்த வருடங்களில் எத்தனையோ பேர், எது கையில் அகப்பட்டதோ அதைக் குத்தி, பழைய அளவு மருந்தையே போட்டுச் சுட்டார்கள். நல்லகாலம் இருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆர்லனின் மருந்து அளவு அவர்கள் வீட்டு ரைஃபிள் தாங்குகிற உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அளவு. அதற்கு அடியில் சூடான பிரைமரை வைத்தால் உச்சத்தைத் தாண்டிவிடும். அதனால் அவன் எல்லோரையும் பிடித்துப் பிடித்துச் சொல்வான், பிரைமர் மாறினால் மருந்தைக் குறைத்துப் போட்டுச் சுட்டுப் பார், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்று. சர்ச் வாசலில்கூடச் சொல்வான். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப்போயிருந்தது.

அது நல்ல மூளையோடு இருந்த ஆர்லன். இந்தத் தோட்டாக்களைச் செய்தவனுக்கு என் பேர் தெரியாது.

வெண்டல் கெட்டவன் இல்லை. வாய்க்கும் மூளைக்கும் நடுவில் கதவு வைக்காமல் பிறந்துவிட்டான். “பிரைமரும் மாறிப்போச்சு, ஆளோட புத்தியும் மாறிப்போச்சு,” என்றான். “ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்? நீ இதைச் சுடறதுக்குப் பதிலா மூஞ்சிக்கு நேரா அடுப்பைத் திறந்து பெட்ரோல் ஊத்தலாம். அடக்கம் பண்ணின அன்னிக்கு உடைச்சோமே, அதோட இதுவும் போயிருக்கணும்.”

அது எங்கள் வழக்கம். ஒருவன் செய்த தோட்டாவை இன்னொருவன் சுட மாட்டான், புருஷன் பெண்டாட்டியைத் தவிர. செய்தவன் செத்துப்போனால், சர்ச்சில் சாப்பாடு முடிந்த கையோடு நண்பர்கள் அவன் வீட்டில் கூடி, மிச்சமிருக்கும் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தைத் தோட்டத்துச் செடிக்குக் கொட்டிவிடுவார்கள். ஆர்லன் நல்லபடியாக இருந்த காலத்தில் செய்தவற்றை அப்படித்தான் பிரித்தோம். மருந்தை என் ருபார்ப் பாத்தியில் கொட்டினேன். வெண்டல் இரண்டாவது துண்டு தின்றுகொண்டிருந்தது அந்த ருபார்பைத்தான்.

கோலீன் பட்டையைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“வெண்டல் அண்ணே, அவர் முடியாம இருந்த ஒன்றரை வருஷத்துல நீங்க எத்தனை தடவை வந்து பாத்தீங்க?”

வெண்டல் தட்டைத் தள்ளிவைத்தான்.

“ஒரு தடவை. அதுவும் வாசல்ல நின்னு. உள்ள வந்தா ஒட்டிக்கும்னு பயமா? அவர் புத்தியைப் பத்திப் பேச வந்துட்டீங்க.”

அவன் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனான். வெண்டல் தட்டில் கேக்கை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

“இப்ப ரைஃபிளைக் கொடுங்க,” என்றாள் கோலீன்.

“கொடுக்க மாட்டேன்.”

“அது எங்கப்பா ரைஃபிள்.”

“உங்கப்பாவே எழுந்து வந்து கேட்டாலும் இந்தத் தோட்டாவோட கொடுக்க மாட்டேன். ஏண்டி, உனக்கு என்ன பைத்தியமா? பழைய அளவு மருந்தைப் போட்டிருந்தான்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? பின்பக்கமா வெடிச்சுதுன்னா கண்ணு போகும். உங்கப்பா ரைஃபிள் உன் வயசைவிடப் பழசு, அது தாங்காது. எங்கிட்ட கடையில வாங்கின தோட்டா இருக்கு, அதை எடுத்துட்டுப் போ. இல்லாட்டி இந்தக் குளிர்காலத்துக்கு என் ஃப்ரீஸர்ல இருக்கற இறைச்சியில பாதியைத் தூக்கிட்டுப் போ.”

“எனக்கு இறைச்சி வேணாம்.”

“அப்ப என்னதான் வேணும்?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஏற்கெனவே உரக்கப் பேசிவிட்டேன், இனி அவள் முறை என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

“அன்னிக்கு ஜன்னல்ல நின்னாரே, அண்ணி. பாத்தீங்கல்ல? ஒண்ணும் புரியாத மனுஷனா இருந்தா ஓடி வந்து, எங்கடீ எடுத்துட்டுப் போறன்னு கத்தியிருப்பார். புரிஞ்ச மனுஷனாலதான் பேசாம நிக்க முடியும். மார்ச்லேர்ந்து நான் அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன். சரியா இருந்த மனுஷனை நான் அவசரப்பட்டு அவமானப்படுத்திட்டேனோ. இது சரியா இருந்துச்சுன்னா அதுதான் அர்த்தம். தப்பா இருந்துச்சுன்னா…” பட்டையைப் பார்த்தாள். “சுட்டுப் பாத்தா தெரிஞ்சுடும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் மானைச் சுடப் போகவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துத் தன்னையே தராசில் போட்டுப் பார்க்கப் போகிறாள். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும், பிறவிக் குணம்.

“முட்டாள். தெரிஞ்சுக்கறதுக்கு வேற வழியா இல்ல? கீழ வா. உன் கண்ணு முன்னாடி பிரிச்சு எடை போட்டுக் காட்டறேன்.”

“பிரிச்சா அவர் பண்ணினதுன்னு அப்புறம் என்ன இருக்கும்?”

“குண்டையும் மருந்தையும்தான் எடுப்பேன். அவன் குத்தின பிரைமர் கூட்டுலயே இருக்கும். அதுல நான் கை வைக்க மாட்டேன்.”

பட்டையை ஒரு தரம் தடவினாள். அப்புறம் எழுந்து எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

என் வேலை மேஜை கீழ் அறையில், வீட்டைச் சூடாக்குகிற கொதிகலனுக்குப் பக்கத்தில். முதலில் தோட்டாக்களை முழுசாக எடை போட்டுப் பார்க்கலாமே என்றாள் கோலீன். அதில் பிரயோஜனமில்லை. கூட்டுக்குக் கூடு பித்தளையின் எடையே முன்னே பின்னே இருக்கும். ஒரு சிட்டிகை மருந்து கூடவா குறைவா என்பது அதில் தெரியாது. பிரித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று மருந்தோடு உள்ளே விழும். முதல் தட்டுக்கு வரவில்லை. ஆர்லன் எப்போதும் குண்டை இறுக்கமாகத்தான் வைப்பான். மூன்றாம் தட்டுக்குக் கழன்றது. ஒவ்வொரு தட்டுக்கும் கோலீன் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

தராசுக் கம்பியில் நகர்கிற எடைக்கல்லை ஆர்லனின் பழைய அளவில் வைத்தேன். அந்த அளவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மருந்தைத் தட்டில் கொட்டினேன். தட்டு கீழே வரவில்லை. மேலேயே மிதந்துகொண்டு நின்றது.

நான் எடைக்கல்லை மெல்லப் பின்னால் நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். தராசு முள் ஆடி, நடுக்கோட்டில் வந்து நின்றது. குறைத்திருக்கிறான். பிரைமர் மாறினால் எவ்வளவு குறைக்க வேண்டுமோ, சர்ச் வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்வானே, அந்த அளவுக்குச் சரியாகக் குறைத்திருக்கிறான்.

“என்ன?” என்றாள் கோலீன்.

“குறைச்சிருக்கான். வெள்ளிப் பிரைமர்னு தெரிஞ்சுதான் குறைச்சிருக்கான்.”

நான் இரண்டாவதைப் பிரித்தேன். அதே இடத்தில் முள் நின்றது. மூன்றாவதும் அப்படியே. என் தம்பியின் கை எனக்குத் தெரியும், அது அவன் கைதான். கடைசிச் சிட்டிகையை இரண்டு விரலால் உருட்டி உருட்டிப் போடுவான், முள் கோட்டைத் தொடும்வரை மூச்சுகூட விட மாட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாகவே இருந்தது. அடுத்ததும் சரியாக வந்தபோது சிரித்துக்கொண்டே கோலீன் பக்கம் திரும்பினேன்.

அவள் முகம் சாம்பலாகிப்போயிருந்தது.

“போதும், அண்ணி,” என்றாள். “நிறுத்துங்க.”

“ஏன்? எல்லாம் சரியா…”

“அதான் சொல்றேன், போதும். எல்லாம் சரியாத்தான் இருக்கு. பிரைமர் மாறினது தெரிஞ்சிருக்கு, குறைக்கணும்னு தெரிஞ்சிருக்கு, என் கோட்டு எதுன்னு தெரிஞ்சிருக்கு. நல்லா இருந்த மனுஷன். நான்தான் அவர் தூங்கறப்ப திருடி மாதிரி…” அவள் கை பித்தளைக் கூடு ஒன்றை இறுகப் பிடித்திருந்தது. “மிச்சத்தை அப்படியே விட்டுடுங்க. அதையாவது அவர் பண்ணினபடியே சுடறேன். அது நான் அவருக்குச் செய்ய வேண்டியது.”

எனக்கு அவளைத் தேற்றத் தோன்றியது. ஆனால் மிச்சமிருந்த ஐந்து தோட்டாக்களையும் பிரிக்காமல் அவள் கையில் கொடுக்க மட்டும் மனம் ஒப்பவில்லை. நாலு சரியாக இருந்தால் ஐந்தாவதும் சரி என்று எங்கள் வேலையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆர்லனே சொல்ல மாட்டான்.

“இது அவன் மேஜையா இருந்து, நீ செத்துப்போயிருந்து, அவன் உன் தோட்டாவைப் பிரிச்சிட்டிருந்தா பாதியில நிறுத்துவானா?” என்று கேட்டேன்.

அவள் இறுகப் பிடித்திருந்த கூட்டை மேஜையில் வைத்தாள். நான் அடுத்ததை எடுத்தேன். அதே அளவு. அதற்கு அடுத்ததைச் சுத்தியலில் மாட்டித் தட்டினேன். இரண்டே தட்டில் குண்டு கழன்றது. மருந்தைத் தட்டில் கொட்டினேன்.

தட்டு தொப்பென்று கீழே உட்கார்ந்தது.

நான் தராசைப் பிடித்து நிறுத்தி, தட்டைத் துடைத்து, மறுபடி கொட்டினேன். மறுபடியும் அப்படியேதான். எடைக்கல்லை முன்னால் நகர்த்திக்கொண்டே போனேன், பழைய அளவு வரை. முள் நேராக வந்து நின்றது. மஞ்சள் பிரைமருக்கு அவன் வாழ்நாள் பூராவும் போட்ட அதே அளவு, ஒரு துகள்கூட வித்தியாசமில்லை. அடியிலோ வெள்ளிப் பிரைமர்.

“இதுவும் அதேதானே?” என்றாள் கோலீன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மருந்தை டப்பாவில் தட்டிவிட்டால் முடிந்தது, அவளுக்குத் தெரியப் போவதில்லை. சரியான மனுஷனாகவே அவனை வைத்துக்கொள்ளட்டுமே, கடைசி வரைக்கும் தவறாத கையாகவே இருக்கட்டுமே என்று தோன்றியது. எனக்கும் அவன் அப்படித்தான் வேண்டியிருந்தது. என் தம்பி.

“இல்ல,” என்றேன். “இங்க பாரு.”

அவள் எழுந்து வந்து தராசுக்கு மேல் குனிந்தாள். எடைக்கல் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். அவளுக்கும் அந்த அளவு தெரியும், இத்தனை வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள்.

“பழைய அளவு.”

“ஆமா.”

“வெள்ளிப் பிரைமருக்கு மேல.”

“ஆமா, கோலீன்.”

“இதைச் சுட்டிருந்தா?”

நான் அந்தக் கூட்டை மட்டும் தனியாக ஓரத்தில் வைத்தேன். ஏன் அப்படி ஆனது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வேலைக்கு நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பான், இல்லை நாய் குரைத்திருக்கும். திரும்பி வந்து தராசைப் பார்த்திருப்பான். இதென்ன அளவு தப்பாக நிற்கிறதே என்று, மஞ்சள் பிரைமர் மட்டுமே உலகத்தில் இருந்த ஏதோ ஒரு வருடத்துக்குப் போய்விட்ட மனுஷன், அதைத் திருத்தியிருப்பான். மிகவும் அக்கறையாகத் திருத்தியிருப்பான்.

மிச்சமிருந்த மூன்றையும் பிரித்தேன். கோலீன் இப்போது கண்ணை மூடவில்லை. தராசுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்றும் குறைத்த அளவு. எந்த வரிசையில் செய்தானோ யாருக்குத் தெரியும், ஆனால் எப்போதோ ஒரு தடவை அவன் அந்தப் பழைய வருடத்துக்குப் போயிருக்கிறான், அப்புறம் திரும்பி வந்து வெள்ளிப் பிரைமரைப் பார்த்து, எடைக்கல்லைப் பின்னால் தள்ளியிருக்கிறான்.

கோலீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொதிகலனில் சாய்ந்துகொண்டு, அந்த ஆரஞ்சுக் கோட்டோடு, வாய்விட்டு அழுதாள். அடக்கத்தன்று அவள் அழவில்லை. சர்ச்சில் எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கல் மனசு என்றுகூட இரண்டு பேர் என் காதுபடப் பேசினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மூட்டு வலிக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும், இருந்தாலும் உட்கார்ந்தேன்.

“அப்ப துப்பாக்கியை எடுத்தது தப்பில்ல, அண்ணி,” என்றாள், அழுகைக்கு நடுவில்.

“தப்பில்ல.”

“எடுத்துத்தான் ஆகணும்.”

“எடுத்துத்தான் ஆகணும். அன்னிக்கே எடுத்தது நல்லதாப் போச்சு.”

“ஆனா அவருக்கு என்னை ஞாபகம் இருந்திருக்கு. இல்லியா? அந்த ஒண்ணைத் தவிர.”

“அந்த ஒண்ணைச் செஞ்சப்பவும் உன்னை ஞாபகம் இருந்துச்சுடி. பிரைமரைத்தான் மறந்துட்டான்.”

அதைக் கேட்டு அவள் இன்னும் அதிகமாக அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். இரண்டு கிழவிகளும் கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் நனைத்ததை வெண்டல் பார்த்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். அவன் முன்பே போய்விட்டது நல்லதாயிற்று.

சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் அவன் போட்டிருந்த மருந்தை ருபார்ப் பாத்தியில் கொட்டினோம். பிரித்த மருந்தைத் திரும்பப் போடக் கூடாது, அதில் நான் கறார். என் அலமாரியில் சீல் பிரிக்காத டப்பா ஒன்றிருந்தது, அவன் போடுகிற அதே மருந்து. ஒன்பது கூடுகளிலும் அவன் குத்திய பிரைமர் அப்படியே இருந்தது. அவன் குறைத்த அளவை நான் தராசில் வைத்தேன், ஒவ்வொன்றையும் கோலீன் சரிபார்த்தாள், அவன் குண்டுகளையே மேலே வைத்தோம். தப்பாகியிருந்ததை எங்கே வைத்தேன் என்று கேட்டாள். தனியாக எடுத்து ஓரத்தில் வைத்திருந்தேன்.

“அதையும் போடுங்க,” என்றாள். “சரியாப் போடுங்க. ஆனா எதுன்னு எனக்குத் தெரியணும்.”

என் நகப்பூச்சு பாட்டிலை எடுத்துவந்து அந்தக் கூட்டின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் மற்றவற்றில் இரண்டை அவள் ரைஃபிளில் நானே சுட்டுப் பார்த்தேன். பிரைமரின் விளிம்பு தட்டையாகவில்லை, ரைஃபிளின் பூட்டு வெண்ணெய் மாதிரித் திறந்தது. அழுத்தம் எல்லை தாண்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் துப்பாக்கி அலமாரிச் சாவியை அவளிடம் கொடுத்தேன்.

சீசன் தொடங்கிய வாரத்தில் இரண்டு நாள் பனி கொட்டியது. அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மலையில் போன் எடுக்காது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது என் வேலை, ஓட்டும்போதுகூட மலைப் பக்கமே கண் போயிற்று. வெண்டல் தினமும் ஒரு தடவை கடையிலிருந்து போன் செய்து, “வந்தாளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தான்.

மூன்றாம் நாள் நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்தது. யாரும் தட்டவில்லை. பனிப் பூட்ஸ் சத்தம் மேஜை வரை வந்தது. ஒரு பிளாஸ்டிக் பையில் எல்கின் ஈரல், இன்னும் சூடு ஆறாமல், என் பக்கத்தில் வந்து விழுந்தது.

“ஒரே ஒரு தடவைதான் சுட்டேன்,” என்றாள் கோலீன். கோட்டுப் பையில் கையை விட்டு, காலியான கூடு ஒன்றை எடுத்து ஈரல் பைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பக்கவாட்டில் சிவப்புக் கோடு. “முதல்ல இதைத்தான் போட்டேன்.”

நான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளிப் பிரைமரின் நட்டநடுவில் ஊசி குத்திய குழி, வட்டமாக, சுத்தமாக இருந்தது. கட்டை விரலால் அதைத் தடவினேன். என் தம்பியின் விரல் கடைசியாகத் தொட்ட இடம் அது. விட மனசு வரவில்லை.

“நல்லாப் பத்திக்கிச்சு, அண்ணி,” என்றாள் அவள், எனக்குப் பின்னால் நின்று. “அவர் பிரைமர்.” அப்புறம் கெட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, “காபியே இல்லையா? நான் வருவேன்னு தெரியாதா உங்களுக்கு?” என்று என்னைத் திட்டினாள்.